ஆளுக்கேற்றபடி பேசுவது: பயிற்சியிலும் தலைமையிலும் எது மாற வேண்டும், எது மாறக் கூடாது

ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொன்னால் அவர் முன்னேறுவார் என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். பயிற்சியாளர், மேனேஜர், ஆசிரியர் என்று அடுத்தவரை வளர்க்கும் பொறுப்பில் இருக்கிற எவருக்கும் இது அடிப்படை நம்பிக்கை. 1996-இல் ஆவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்செலோ டினிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டினார்கள். அவற்றுக்குப் பின்னால் 23,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டபோது, சராசரியில் கருத்துச் சொல்வது பலன் தருகிறது என்று தெரிந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. அங்கெல்லாம் சொன்னவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே வேலை நன்றாக நடந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு, எதுவும் பேசாமல் இருந்துவிடலாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். இந்த எண்களைவிட அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம் முக்கியமானது. சொல்லப்படும் கருத்து, கேட்பவரின் கவனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. ‘இந்தப் பத்தியில் காரணம் வரவில்லை’, ‘பந்தை விடும் நேரத்தில் மணிக்கட்டு சீக்கிரம் திரும்பிவிடுகிறது’ என்றால் கவனம் வேலைக்குப் போகிறது. ‘நான் திறமைசாலிதானா? இவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்? மற்றவர்கள் முன்னால் என் நிலை என்ன?’ என்று கேள்விகள் கிளம்பிவிட்டால் மனம் வேலையைக் கைவிட்டுத் தன்னையே அளக்க ஆரம்பித்துவிடுகிறது. குறை சொன்னால் மட்டும்தான் இப்படி ஆகும் என்றில்லை, பாராட்டினாலும் ஆகும்.

ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு நுழைவது இந்த இடத்தில்தான். ‘இன்னொரு தடவை செய்து பாருங்கள்’ என்ற சாதாரண வாக்கியம் ஒருவரை நேராக வேலைக்கு அனுப்புகிறது. இன்னொருவருக்கு அதே வாக்கியம் ‘நீ தேறவில்லை’ என்ற தீர்ப்பாகக் கேட்கிறது. சொன்னவர் ஒன்றுதான், சொன்ன தொனியும் ஒன்றுதான். ஆகவே ஆளுக்கேற்றபடி பேசுவதை வெறும் நயநாகரிகமாகப் பார்க்கக் கூடாது. பயிற்சி பலன் தருகிறதா, கெடுக்கிறதா என்பதையே அது முடிவுசெய்கிறது. தலைமைப் பொறுப்பில் மிக அதிகத் திறன் கேட்கும் பகுதி இதுதான் என்பது என் எண்ணம். மிக அலட்சியமாகச் சொல்லித்தரப்படும் பகுதியும் இதுவே.

வகை பிரிப்பதில் உள்ள சிக்கல்

இந்தத் தேவையை உணர்ந்த நிறுவனங்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது ஆளுமைச் சோதனைகளை. சில பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் முடிவில் ஒரு நிறமோ நான்கு எழுத்துகளோ கிடைக்கும். ‘சிவப்பு ஆளிடம் சுருக்கமாகப் பேசு, நீல ஆளிடம் புள்ளிவிவரத்தோடு போ’ என்று கூடவே ஓர் அட்டவணையும் வரும். வசதியான ஏற்பாடு, சந்தேகமில்லை.

இவை எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். ஆட்களை நான்கு நடத்தை வகைகளாகப் பிரிக்கும் ‘டிஸ்க்’ முறையின் அடிப்படை, 1928-இல் வில்லியம் மார்ஸ்டன் எழுதிய நூலில் இருக்கிறது. ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டறிவது பற்றி ஆராய்ந்தவர் அவர். பிற்காலத்தில் ‘வொண்டர் வுமன்’ என்ற காமிக்ஸ் பாத்திரத்தைப் படைத்தவரும் அவரே. உணர்வுகள் வெளிப்படும் நான்கு விதங்களைப் பற்றி அவர் எழுதினார். அதைப் பணியாளர்களுக்கான தேர்வாக மாற்றியவர்கள் பின்னால் வந்த வேறு ஆட்கள். நான்கு எழுத்துகளில் முடிவு சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் முறை, உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் முன்வைத்த கருத்துகளை எடுத்துக்கொண்டு கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் வளர்த்தது. இருவரும் உளவியலில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. அதனாலேயே முறை தவறாகிவிடாது. ஆனால் உள்ளே ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. மனிதர்களின் குணங்கள் தொடர்ச்சியான அளவுகோலில் பரவிக் கிடக்கின்றன, பெரும்பாலோர் நடுப்பகுதியில் இருக்கிறார்கள். அந்த நடுவிலேயே ஒரு கோடு கிழித்து ‘இந்தப் பக்கம் உள்முகம், அந்தப் பக்கம் வெளிமுகம்’ என்று பிரித்தால், கோட்டருகே நிற்பவர் சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதும்போது எதிர்ப்பக்கம் போய்விடக்கூடும். மறுதேர்வில் வகை மாறுவோர் கணிசமாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆய்வாளர்கள் இன்று அதிகம் நம்பும் ஐந்து காரணி அளவீடு, ஆட்களை வகை பிரிப்பதே இல்லை. ஒவ்வொரு குணமும் எந்த அளவு என்று மட்டும் சொல்கிறது.

சரி, அப்படியானால் முடிவைப் படித்ததும் ‘அப்படியே என்னைச் சொல்லிவிட்டது’ என்று ஏன் தோன்றுகிறது? 1949-இல் வெளியான, உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரரின் பரிசோதனை இதற்குப் பதில் சொல்கிறது. தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதுபோல ஒரு விவரிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். 5-க்குச் சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே விவரிப்பு, அதிலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்தது.

கற்றல் பாணிகளின் கதையும் இதுபோலத்தான். சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் செய்து கற்பவர்கள், அவரவர் பாணிக்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்பது பயிற்சியாளர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. 2004-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வறிக்கை இப்படிப்பட்ட 71 மாதிரிகளைக் கணக்கெடுத்தது. 2008-இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஆதாரங்களைப் பரிசீலித்து, பாணிக்கேற்பப் பாடத்தை மாற்றினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். எப்படிக் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் விஷயமே தீர்மானிக்கிறது. நீச்சல் அசைவைக் காட்டித்தான் ஆக வேண்டும், பேச்சுவார்த்தைத் தொனியைக் கேட்க வைத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தச் சோதனைகளால் ஒரு நன்மை உண்டு. பேசத் தயங்கும் ஒரு குழுவில் ‘எனக்கு இப்படிச் சொன்னால் பிடிக்கும்’ என்று பேச்சைத் தொடங்க அவை ஒரு சாக்காக உதவும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் மேல் முத்திரை விழுந்துவிட்டால் தலைவர் அவரைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார். அவர் இன்று ஏன் அமைதியாக இருக்கிறார் என்று கேட்கத் தோன்றாது. ‘அவர் உள்முகமானவர், அப்படித்தான் இருப்பார்’ என்று பதில் தயாராக இருக்கும்.

எந்த வேறுபாட்டைக் கவனிப்பது

குணத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது, அந்த வேலையில் அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை. 2012-இல் ஸ்டேசி ஃபிங்கல்ஸ்டைன், ஆயலெட் ஃபிஷ்பாக் இருவரும் வெளியிட்ட ஆய்வில் பிரெஞ்சு மொழி கற்பவர்களிடம் எப்படிப்பட்ட ஆசிரியர் வேண்டும் என்று கேட்கப்பட்டது. தொடக்கநிலை மாணவர்கள், செய்த சரிகளை எடுத்துச் சொல்பவரை விரும்பினார்கள். மேல்நிலை மாணவர்களின் நாட்டம், தவறுகளைச் சுட்டுபவர் பக்கம் இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. புதியவருக்கு ‘இது எனக்கு வருமா, இதில் நீடிக்கலாமா’ என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் சரிகளில் இருக்கிறது. தேர்ந்தவர் இதில் இருப்பது என்று எப்போதோ முடிவெடுத்துவிட்டார். எவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் என்ன பாக்கி என்பது மட்டுமே அவருக்குத் தேவை. பத்து வருட அனுபவம் உள்ளவரிடம் ‘ரொம்ப நல்லா செய்தீங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அவர் வேலையைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்றுதான் நினைத்துக்கொள்வார்.

பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் இருவரும் 1969-இல் முன்வைத்த சூழல்சார் தலைமைக் கோட்பாட்டின் மையமும் இதேதான். புதியவருக்கு என்ன செய்வதென்று தெளிவாகச் சொல், திறன் வளர வளரக் கலந்து பேசு, கடைசியில் பொறுப்பை விட்டுக்கொடு என்பது அதன் சாரம். மேலாண்மை வகுப்புகளில் இதற்குக் கிடைக்கும் இடம், ஆதாரத்துக்குப் பொருந்தாத அளவு பெரியது. 1987-இல் ராபர்ட் வெக்கியோ ஆசிரியர்களிடையே சோதித்துப் பார்த்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெளிவான வழிகாட்டல் கூடுதலாக வேண்டும் என்ற பகுதி மட்டுமே ஓரளவு நின்றது. அந்தப் பகுதி பொன்னானது. புதியவரைச் ‘சுதந்திரமாக விடுகிறேன்’ என்று நடுக்கடலில் விட்டுவிடும் நல்லெண்ணத் தலைவர்கள் ஏராளம்.

உடல் திறன்களில் இன்னொரு நுட்பம் உண்டு. கேப்ரியேலே வுல்ஃப் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் சிலர் பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறி ஒன்றில் பழகினார்கள். காலால் அழுத்தம் கொடுப்பதை நினை என்று சொல்லப்பட்டவர்களைவிட, பொறியின் சக்கரங்களை நினை என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். 1992-இல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் கோல்ஃப் பழகுவோரிடம் கண்டது இதற்கு நெருக்கமானது. விதிகளை விரிவாகக் கேட்டுக் கற்றவர்கள் பதற்றமான நேரத்தில் தடுமாறினார்கள். விதி தெரியாமலே கை பழகியவர்கள் தொடர்ந்து முன்னேறினார்கள். ஆகவே அசைவு ஏற்கெனவே கைவந்த ஒருவரிடம், அதுவும் போட்டிக்கு முன்னால், முழங்கை பற்றி ஐந்து குறிப்புகள் சொல்வது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. ‘பந்து அந்த மூலைக்குப் போகட்டும்’ என்ற ஒரு வரி போதும்.

கட்டத்துக்கு அடுத்து, தன்னம்பிக்கை. இதில் நம் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றுகிறது. எட்டி ப்ரம்மல்மன் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், தன்மதிப்புக் குறைந்த குழந்தைகளைப் பெரியவர்கள் கூடுதலாக மிகைப்படுத்திப் பாராட்டுவது தெரிந்தது. பாவம், கொஞ்சம் தூக்கிவிடலாம் என்ற எண்ணம். 8 முதல் 12 வயதுக் குழந்தைகள் படம் வரைந்த பிறகு ஒரு சாராருக்கு ‘அழகாக இருக்கிறது’ என்றும் இன்னொரு சாராருக்கு ‘நம்பவே முடியாத அளவு அழகு’ என்றும் சொல்லப்பட்டது. அடுத்து எளிய படம், கடினமான படம் இரண்டில் எதை வேண்டுமானாலும் வரையலாம். மிகையான பாராட்டைக் கேட்ட, தன்மதிப்புக் குறைந்த குழந்தைகள் கடினமானதைத் தவிர்த்தார்கள். அந்த உயரத்தை அடுத்த முறையும் எட்டியாக வேண்டுமே என்ற பயம் வந்துவிடுகிறது. தன்மதிப்பு கூடிய குழந்தைகளிடம் அதே சொல் எதிர்விளைவைத் தந்தது, அவர்கள் கடினமானதைத் தேடிப் போனார்கள். தயங்கும் ஒருவரிடம் பாராட்டைக் கூட்டுவதைவிடத் துல்லியமாக்குவது நல்லது: ‘மூன்றாவது கேள்விக்கு நீங்கள் கொடுத்த உதாரணத்தில்தான் எதிர்த்தரப்பு சம்மதித்தது.’

ரொனால்ட் ஸ்மித், ஃப்ராங்க் ஸ்மால் ஆகியோர் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களிடையே 1970-களில் தொடங்கிய நீண்ட ஆராய்ச்சியும் இந்தப் பக்கமே கை காட்டுகிறது. நல்ல முயற்சியைக் கண்டால் சொல்வது, தவறு செய்தவரை முதலில் ஊக்கப்படுத்திவிட்டு அப்புறம் திருத்தம் சொல்வது என்ற எளிய பழக்கங்களைப் பயிற்சியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இதனால் அதிகம் பயன் பெற்றவர்கள் தன்மதிப்புக் குறைந்த சிறுவர்கள். 1992-இல் வந்த ஆய்வின்படி, இந்தப் பயிற்சி பெறாதவர்களிடம் விளையாடிய சிறுவர்களில் 26 சதவீதம் பேர் அடுத்த ஆண்டு திரும்ப வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் அது 5 சதவீதம்.

எது ஒருவரை நகர்த்துகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. டோரி ஹிக்கின்ஸ் 1997-இல் விளக்கிய பிரிப்பு இதற்கு உதவும். சிலர் அடையப்போவதைப் பார்த்து நடப்பவர்கள், சிலர் இழந்துவிடக் கூடாததைப் பார்த்து நடப்பவர்கள். முதல் வகை மனநிலையில் இருப்பவரைச் சாதித்தவர்களின் கதை தூண்டும். இரண்டாவது மனநிலையில் இருப்பவரைச் சறுக்கியவர்களின் கதையே அதிகம் தூண்டும் என்று 2002-இல் பெனலோபி லாக்வுட்டும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். இதையும் நிரந்தர முத்திரையாக்கிவிடக் கூடாது. புதிய திட்டத்தைத் தொடங்கும் நாளில் முதல் மனநிலையில் இருக்கும் அதே ஆள், கணக்குத் தணிக்கை வாரத்தில் இரண்டாவதில் இருப்பார்.

களைப்பு, காயம், வீட்டுக் கவலை, இப்போதுதான் முடிந்த தோல்வி இவையும் கணக்கில் வரும். விவரிக்க அதிகம் இல்லை, ஆனால் மறந்துபோவது அதிகம்.

ஹெடிங்லி, 1981

இவையெல்லாம் ஒரே ஆட்டத்தில் கண்முன் நடந்தது என்றால் 1981 ஜூலையில், இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்த ஆஷஸ் கிரிக்கெட் டெஸ்ட்டைச் சொல்லலாம். முந்தைய டெஸ்ட்டில் இரண்டு இன்னிங்ஸிலும் ரன் எடுக்காமல் ஆட்டமிழந்த இயான் போத்தம் கேப்டன் பதவியிலிருந்து விலகியிருந்தார். அவருக்குப் பதில் மைக் பிரெயர்லி திரும்பி வந்தார். பேட்ஸ்மேனாக அவர் சாதாரணம். 39 டெஸ்ட்களில் சதமே இல்லை, சராசரி 23-க்கும் கீழே. கேப்டனாக 31 டெஸ்ட்களில் 18 வெற்றி, 4 தோல்வி மட்டும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ராட்னி ஹாக், பிரெயர்லி மனிதர்களைப் பற்றிய படிப்பில் பட்டம் வாங்கியவர் என்று சொன்னது கிரிக்கெட் உலகில் நிலைத்துவிட்டது. பின்னாளில் அவர் உளப்பகுப்பாய்வாளராகவே ஆனார்.

மனம் காயப்பட்டு நின்ற போத்தமிடம், ஆட உனக்கு விருப்பமா என்று பிரெயர்லி முதலில் கேட்டார். முடிவை அவரிடமே விட்டது ஒரு மரியாதை. ஆனால் மைதானத்தில் அவரைத் தடவிக் கொடுக்கவில்லை. பந்துவீச ஓடி வரும்போது போத்தம் பக்கவாட்டில் எடுத்து வைத்த அடியை வைத்துக் கேலி செய்து, சீண்டி, வேகத்தை வரவழைத்தார். போத்தமின் சுபாவத்துக்குச் சீண்டல் எரிபொருள். இன்னொரு பக்கம் பாப் வில்லிஸ். முழங்கால் அறுவை சிகிச்சைகளைக் கடந்து வந்தவர், நோ-பால் விழுமோ என்ற கவலையில் வேகத்தை அடக்கிக்கொண்டிருந்தவர். அவரைச் சீண்டியிருந்தால் இன்னும் சுருங்கியிருப்பார். நோ-பாலைப் பற்றி நினைக்க வேண்டாம், நேராக, வேகமாக வீசு என்று மட்டும் பிரெயர்லி சொல்லி, இறக்கம் உள்ள முனையை அவரிடம் கொடுத்தார்.

ஃபாலோ-ஆன் வாங்கி, இரண்டாவது இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 135 என்று இருந்த இங்கிலாந்தைப் போத்தம் ஆட்டமிழக்காமல் 149 அடித்துத் தூக்கினார். 130 ரன் இலக்கை விரட்டிய ஆஸ்திரேலியா 1 விக்கெட்டுக்கு 56 என்ற நிலையிலிருந்து 111-க்குச் சுருண்டது. வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட். இங்கிலாந்து 18 ரன்னில் வென்றது. கேப்டன் பேச்சால் மட்டும் நடந்த வெற்றி என்று சொன்னால் அது ஆடியவர்களுக்குச் செய்யும் அநியாயம். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. வில்லிஸிடம் பிரெயர்லி சேர்த்தது எதுவுமில்லை, ஒரு கவலையை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். ஆளுக்கேற்றபடி பேசுவது என்றால் புதிதாக எதையாவது சொல்வது என்று நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் ஒருவர் தலையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டளையை ரத்து செய்வதுதான் அவருக்கு வேண்டியிருக்கிறது.

ஊகிக்காமல் கேட்பது

பிரெயர்லி போன்ற கண் எல்லோருக்கும் இருக்காது. இருப்பதாக நினைத்துக்கொள்வது ஆபத்து. ‘அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்’ என்ற அறிவுரை மேலாண்மைப் பயிற்சிகளில் அடிக்கடி வரும். தால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2018-இல் 25 பரிசோதனைகள் வழியாக இதைச் சோதித்தார்கள். அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தவர்கள் அவர் மனதைக் கூடுதல் துல்லியமாகக் கணிக்கவில்லை. அவரிடமே பேசிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான் நெருங்கினார்கள். மற்றவரின் இடத்தில் நம்மை வைத்தால், அங்கே போய் உட்காருவது நாமேதான், நம் விருப்பங்களோடும் பயங்களோடும்.

தன்னைப் பற்றிய கணிப்பும் அப்படியே. ஸ்மித், ஸ்மால் ஆராய்ச்சியில் பயிற்சியாளர்களின் ஒவ்வொரு செயலையும் பார்வையாளர்கள் குறித்துக்கொண்டார்கள். பிறகு பயிற்சியாளர்களிடமும் சிறுவர்களிடமும் கேட்டார்கள். பயிற்சியாளர் தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் உண்மையில் செய்ததற்கும், தண்டிக்கும் நடத்தை ஒன்றைத் தவிர, பெரிய தொடர்பே இல்லை. சிறுவர்கள் சொன்னது பார்வையாளர் குறிப்போடு அதிகம் ஒத்துப்போனது. ‘நான் எல்லோரையும் ஊக்கப்படுத்தும் ஆள்’ என்று நினைக்கும் தலைவர், அதைத் தன் குழுவிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

என்ன கேட்பது? ‘உங்களுக்கு எப்படிச் சொன்னால் பிடிக்கும்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை சார்’ என்பார்கள். நடந்ததை வைத்துக் கேட்டால் விஷயம் வெளியே வரும். இதுவரை உங்களுக்குக் கிடைத்ததில் உண்மையிலேயே உதவிய ஒரு கருத்து எது, அதை யார், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் கழித்துச் சொன்னார்? மனதைக் கெடுத்தது எது? தவறு நடந்ததும் உடனே பேச வேண்டுமா, மறுநாள் போதுமா? எல்லோர் முன்னாலும் பாராட்டினால் சந்தோஷமா, சங்கடமா? நான் பதற்றத்தில் இருக்கும்போது உங்களுக்கு எப்படித் தெரிகிறேன்? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. பதில் சொன்ன ஒருவருக்கும் அதனால் தொல்லை வரவில்லை என்று மற்றவர்கள் பார்த்த பிறகே வரும்.

சொன்ன பிறகு பார்ப்பதும் கேட்பதில் ஒரு பகுதி. பேசி முடித்ததும் ‘புரிந்ததா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘இப்போது முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள்?’ என்றால், சொன்னது எந்த வடிவத்தில் உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். பதில் வேலையைப் பற்றி இருந்தால் சரி. ‘இனிமேல் இப்படி நடக்காது சார், மன்னிச்சிடுங்க’ என்று வந்தால் சொன்னது தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

வேறு வேறாகப் பேசினால் பாரபட்சம் ஆகாதா

நியாயமான கேள்வி, ஆபத்தும் உண்மையானது. 1975-இல் டான்ஸரோ, க்ரேன், ஹாகா மூவரும் ஒரே தலைவரின் கீழ் உள்ள ஆட்களைத் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். தலைவருக்கு நெருக்கமான உள்வட்டம் ஒன்றும் வெளிவட்டம் ஒன்றும் சீக்கிரமே உருவாகி, தகவலும் வாய்ப்பும் உள்வட்டத்துக்கே போவதைக் கண்டார்கள். தலைவருக்குத் தன்னைப் போன்றவரிடம் பேசுவது எளிது. எளிதாக இருப்பதால் அதிகம் பேசுகிறார். அதை ‘ஆளுக்கேற்ற அணுகுமுறை’ என்று பெயரிட்டுக்கொள்வதும் எளிது.

இந்த இடத்தில் அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடனின் நடைமுறை கவனிக்கத்தக்கது. 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில் 10 தேசியப் பட்டங்களை வென்ற கல்லூரி அணி அவருடையது. அவருடைய கடைசிப் பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் பயிற்சிகளில் உட்கார்ந்து 2,326 செயல்களைக் குறித்தார்கள். பாதிக்கும் மேல் நேரடியாகச் சொல்லிக்கொடுத்தல், பாராட்டு 7 சதவீதம்கூட இல்லை. பல வருடம் கழித்து, 2004-இல், தங்கள் பதிவில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போனதை அவர்களே எழுதினார்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் என்ன சொல்வது என்பதை வுடன் தினமும் காலையில் துணைப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து திட்டமிட்டிருந்தார். களத்தில் சட்டென்று வந்தது போலத் தோன்றிய குட்டி வாக்கியங்களுக்குப் பின்னால் அந்த ஆளைப் பற்றிய தயாரிப்பு இருந்தது.

அதே வுடன் விதிகளில் யாருக்கும் வளைந்துகொடுத்ததில்லை. அணியின் நட்சத்திரம் பில் வால்டன் தாடியோடு வந்து, இதை வைத்துக்கொள்வது தன் உரிமை என்று சொன்னபோது, அவருடைய உறுதியை மதிப்பதாகவும் ஆனால் அணி அவரை இழக்க நேரும் என்றும் வுடன் அமைதியாகச் சொன்னார். வால்டன் போய் மழித்துக்கொண்டு வந்தார். விதி என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். சொன்ன விதம் வால்டனுக்கென்றே இருந்தது. எதிர்பார்ப்பு, விதி, உண்மை மூன்றும் எல்லோருக்கும் பொது. நேரம், இடம், அளவு, வரிசை, தொனி இவை ஆளுக்கு ஆள் மாறலாம். ஒருவருக்கு உண்மையை மெதுவாகச் சொல்வது பொருத்தம் பார்ப்பது. அவர் தாங்கமாட்டார் என்று உண்மையைச் சொல்லாமலே விடுவது அவரைக் குறைத்து மதிப்பது. அதனால் நஷ்டப்படுபவர் அவரே, பதவி உயர்வு கிடைக்காதபோதுதான் அவருக்கே தெரியவரும்.

இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1999-இல் ஜெஃப்ரி கோஹன், க்ளாட் ஸ்டீல், லீ ராஸ் மூவரும், அமெரிக்கக் கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் தரும் விமர்சனத்தை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். இது பாரபட்சமோ என்ற சந்தேகம் அங்கே இயல்பாக எழும். பாராட்டைப் பஞ்சுபோல் சுற்றித் தந்தது அந்தச் சந்தேகத்தைப் போக்கவில்லை. ‘என் எதிர்பார்ப்பு உயர்ந்தது, நீ அதை எட்டுவாய் என்று எனக்குத் தெரியும்’ என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது முழு விமர்சனமும் ஏற்கப்பட்டது. 2014-இல் டேவிட் யேகரும் சக ஆய்வாளர்களும் பள்ளி மாணவர்களின் கட்டுரையில் இதே பொருளில் ஒரு சிறு குறிப்பை ஒட்டிக் கொடுத்தபோது, ஆசிரியர்கள் மேல் நம்பிக்கை குறைந்திருந்த மாணவர்களிடம்தான் அது அதிகம் வேலை செய்தது. நம்பிக்கை ஏற்கெனவே இருக்கும் உறவில் இந்த வரியைச் சொல்லத் தேவையே இருக்காது. இல்லாத இடத்தில் சொல்லாமல் விட்டால் மற்ற எல்லாமே வீண்.

தலைவரின் சொந்த எல்லையும் உண்டு. ஒருவருடைய தலைமைப் பாணி எளிதில் மாறாது, பாணிக்கு ஏற்ற சூழலில் அவரை வைப்பதே மேல் என்று ஃப்ரெட் ஃபீட்லர் 1960-களில் வாதிட்டார். அவ்வளவு இறுக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் அதில் உண்மை இருக்கிறது. சத்தமாகப் பேசியே பழகியவர் ஒருவரிடம் மட்டும் மென்குரலில் பேசினால் அது நடிப்பாகத் தெரியலாம். அவர் குரலை மாற்றுவதைவிட நேரத்தையும் இடத்தையும் மாற்றலாம். பொதுக் கூட்டத்தில் சொல்வதைத் தனியாகச் சொல்லலாம், அல்லது எழுதி அனுப்பிவிட்டு மறுநாள் பேசலாம். அதுவும் முடியாத இடத்தில், அந்த ஆளோடு நன்றாகப் பேச வரும் துணைப் பயிற்சியாளரிடம் பொறுப்பைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆட்கள் மாறும்போது இந்த அறிவு என்ன ஆகிறது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பயிற்சியாளர் போகும்போது, ஒவ்வொருவரையும் பற்றி அவர் சேர்த்ததும் கூடவே போய்விடுகிறது. அதைத் தடுக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தால், ‘கோபக்காரர்’, ‘தொட்டாற்சிணுங்கி’ போன்ற சொற்கள் புதியவர் கைக்குப் போய், பார்க்கும் முன்பே பார்வை கெட்டுவிடும். ஆகவே ஒப்படைக்கும் குறிப்பில் குணத்தைச் சொல்லும் அடைமொழிகள் வேண்டாம். அந்த ஆளே கேட்டுக்கொண்டது, இருவரும் பேசி வைத்துக்கொண்டது, அது எப்படிப் போனது, இவ்வளவு போதும்: தோற்ற ஆட்டத்தின் வீடியோவை மறுநாள் காலையில்தான் பார்க்க விரும்புகிறார். எழுத்தில் வரும் திருத்தங்களுக்கு வேகமாகச் செயல்படுகிறார். கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பதற்கு முன்னால் ஒரு நாள் சொல்லிவைக்கக் கேட்டிருந்தார், ஆறு மாதமாக அது தேவைப்படவில்லை. இந்தக் குறிப்பை அந்த ஆளிடமே காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது.